கிதாரும் ஊர்ப் பத்திரிகையும்: ஒரு மணி நேரத்தை நிரப்புவது எப்படி

இந்த அத்தியாயம் ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். பாதிக்கு மேல் கெல்டிக் கிதார் இசை. மீதி நேரம் அந்த வாரத்து ஊர்ப் பத்திரிகை. இடம் அயர்லாந்தின் மேற்கிலுள்ள கிளேர் மாவட்டம். லிமெரிக்கிலோ எனிஸிலோ வேலைக்கு வந்து, பக்கத்துச் சமுதாய வானொலியில் தன்னார்வலராகச் சேரும் தமிழர் யாரும் இதை எடுத்து நடத்தலாம். கிதார் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஐரிஷ் மொழி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் நிகழ்ச்சி ஆங்கிலத்திலேயே போகும். பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் பொறுமை மட்டும் கட்டாயம் வேண்டும்.

இந்த இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கிளேரின் மெட்டுகளுக்கு இடப்பட்ட பெயர்களைப் பாருங்கள்: ஹ்யூமர்ஸ் ஆஃப் எனிஸ்டைமன், ஹ்யூமர்ஸ் ஆஃப் டல்லா, ஹ்யூமர்ஸ் ஆஃப் ஸ்காரிஃப், கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர். எல்லாம் கிளேரின் இடங்கள். பத்திரிகையின் உள்பக்கங்களில் வருவதும் இதே இடங்கள்தான். ஆகவே இந்த நிகழ்ச்சிக்கு ஒரே விதி: முதலில் பத்திரிகையைப் படியுங்கள், அதன் பிறகு இசையைத் தேர்ந்தெடுங்கள். வரிசையை மாற்றினால், பிடித்த இசைத்தட்டுகளுக்கு நடுவே செய்தி செருகப்பட்ட நிகழ்ச்சியாகிவிடும். அப்படியொன்றைக் கேட்க ஊர்க்காரருக்கு உங்கள் நிலையம் தேவையில்லை, கைப்பேசியே போதும்.

நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாக. அயர்லாந்தில் 1988-ஆம் ஆண்டு வானொலி, தொலைக்காட்சிச் சட்டம் வந்த பிறகுதான் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ அல்லாத நிலையங்களுக்கு உரிமம் கிடைக்க வழி பிறந்தது. அதுவரை ஊருக்கு ஊர் உரிமமில்லாத நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1994-இல் தொடங்கிய ஒரு பரிசோதனைத் திட்டத்தில் 11 சமுதாய நிலையங்கள் சேர்க்கப்பட்டன. இன்றைய சமுதாய வானொலிகளின் வேர் அதில் இருக்கிறது. லாப நோக்கம் கூடாது, ஊர் மக்கள் உறுப்பினராகச் சேர வழி இருக்க வேண்டும், நிர்வாகம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பவை அடிப்படை. கிளேரில் மேற்கே கில்கீயில் ராடியோ கோர்க்கா பாஷ்கினும், கிழக்கே ஸ்காரிஃபில் ஸ்காரிஃப் பே வானொலியும் இந்த வகை.

பத்திரிகையைப் படிக்கும் முறை

கிளேர் சாம்பியன் 1903 முதல் எனிஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை. அது கடைக்கு வந்த அன்றே வாங்குங்கள். இணையத்தில் படித்தால் போதாது. இந்த நிகழ்ச்சிக்கு வேண்டிய சின்னச் செய்திகள் அச்சிட்ட பக்கத்தின் ஓரங்களில்தான் கிடைக்கும். பேனாவுடன் உட்கார்ந்து, தலைப்புகளை விட்டுவிட்டு முதலில் ஊர்ப் பெயர்களை மட்டும் வட்டமிடுங்கள்.

முதல் பக்கத்தைத் தொடாதீர்கள். அங்கே இருக்கும் மருத்துவமனைப் பிரச்சினையும் சாலைப் பிரச்சினையும் வணிக வானொலியான கிளேர் எஃப்எம்மில் நாள் முழுக்க ஒலித்திருக்கும். உங்களுக்கானது தேவாலயப் பங்குகளின் குறிப்புகள் வரும் பக்கங்கள். ஒவ்வொரு பங்கிலிருந்தும் அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதி அனுப்பும் பத்திகள் அவை: சமூகக்கூடத்தில் ‘நாற்பத்தைந்து’ சீட்டாட்டத்தில் யார் ஜெயித்தார், ரத்ததான முகாம் என்றைக்கு, கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய எத்தனை மணிக்குக் கூட வேண்டும், கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் இந்த வார லாட்டரி எண்கள் எவை. வெளியூர்க்காரருக்கு இவை ஒன்றுமில்லாதவை. அந்தப் பங்கில் தனியாக வாழும் எண்பது வயதுக்காரருக்கு இதுதான் செய்தி. அவருடைய பங்கின் பெயர் வானொலியில் சரியான உச்சரிப்போடு ஒலித்தால், அடுத்த வாரமும் அதே நேரத்தில் பெட்டியைத் திருப்புவார்.

ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டுச் செய்திகள் போதும். ஒவ்வொன்றையும் மூன்று வாக்கியத்தில் உங்கள் சொற்களில், ஒரு செய்திக்கு ஓர் அட்டை என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகையை அப்படியே ஒலிவாங்கி முன் கொண்டுபோகக் கூடாது. செய்தித்தாள் சரசரக்கும் ஓசை உங்கள் குரலை விடத் தெளிவாகக் கேட்கும். எழுதிக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அயர்லாந்தின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடப்புச் செய்திகளை எடுத்துச் சொல்லவும் விமர்சிக்கவும் நியாயமான அளவில் இடம் தருகிறது. எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். முழுக் கட்டுரையையும் வரிக்கு வரி வாசிப்பது அந்த நியாயமான அளவுக்குள் வராது. அதை எழுதிய செய்தியாளர், கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்த உழைப்பு அது. ‘இந்த வார கிளேர் சாம்பியனில் விரிவாக வந்திருக்கிறது, வாங்கிப் படியுங்கள்’ என்று சொல்லுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் விளம்பரம் குறைந்து தவிக்கும் காலத்தில் அந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குச் செய்யும் சிறு உதவி.

உச்சரிப்பு விஷயத்தில் தமிழருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஐரிஷ் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஆங்கிலக் கண்ணோடு படித்தால் தடுமாறும். ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லச் சொல்லிக் கேட்டு, அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள்: நீவ், ஷிவான், மீஹால், டாஹி. எழுதியதைப் பார்த்துப் படித்தால் நாக்கு குழம்பாது. ஊர்ப் பெயர்களையும் அப்படியே எழுதுங்கள். நிலையத்துக்குப் பால் வாங்கிவரும் அம்மையாரிடம் கேட்டாலும் சரி, கேட்காமல் ஊகிக்க மட்டும் வேண்டாம்.

மூன்று வகைச் செய்திகளில் தனிக் கவனம் வேண்டும்.

முதலாவது மரண அறிவிப்பு. அயர்லாந்தின் கிராமப்புறத்தில் வானொலியில் வரும் மரண அறிவிப்பைக் கேட்டுத்தான் பலர் இறுதிச்சடங்குக்குக் கிளம்புவார்கள். அதனால் வாரப் பத்திரிகையில் வந்த அறிவிப்பை எடுத்து வாசிக்கவே கூடாது. அது கடைக்கு வரும்போது அடக்கம் முடிந்திருக்கலாம். இறுதிச்சடங்கு நடத்துபவர் நிலையத்துக்கு அனுப்பிய அறிவிப்பை மட்டும் வாசியுங்கள். பெயர், ஊர்ப்பகுதி, உடல் எங்கே எப்போது வைக்கப்பட்டிருக்கும், பூசை எத்தனை மணிக்கு என்ற வரிசையில், நேரங்களை இரண்டு முறை சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு ஒரு ஸ்லோ ஏர் போடுங்கள். தாளக்கட்டில்லாமல் பாடலின் போக்கில் மெதுவாக விரியும் மெட்டு அது. நேரம் இல்லையென்றால் ஒன்றும் போடாமல் அடுத்த பகுதிக்குப் போங்கள். ஜிக் போன்ற துள்ளல் நடன மெட்டு மட்டும் வேண்டாம்.

இரண்டாவது நீதிமன்றச் செய்தி. இதை முழுதாக ஒதுக்கிவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பத்திரிகை நியாயமாகவும் துல்லியமாகவும் எழுதிய வழக்குச் செய்திக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் அதை மூன்று வாக்கியமாகச் சுருக்கும்போது ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பது ‘குற்றவாளி’ ஆகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2009-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது நிலையம். பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். முந்நூறு பேர் வாழும் பங்கில் தெருவைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

மூன்றாவது கட்டட அனுமதி விளம்பரம். அயர்லாந்தில் வீடோ கொட்டகையோ கட்ட விண்ணப்பிப்பவர், விண்ணப்பிப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களுக்குள் பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும். மனையிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். விண்ணப்பம் உள்ளாட்சி மன்றத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வாரம் வரை யாரும் கருத்துத் தெரிவிக்கலாம். கேட்பவருக்கு மிகவும் பயன்படும் பகுதி இது. பெரிய காற்றாலைத் திட்டமோ கல்குவாரியோ வந்தால், எந்த ஊர், என்ன திட்டம், எங்கே போய்ப் பார்க்கலாம், எத்தனை நாள் மீதி என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். நல்லதா கெட்டதா என்று சொல்வது உங்கள் வேலையில்லை. நடப்பு விவகாரங்களில் பக்கம் சாயாமல் இருக்கும்படி 2009-ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டம் நிலையத்தைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் மாடி அறையை வானொலியில் சொல்லி வம்பு வளர்க்கவும் வேண்டாம்.

கிதாரைக் கேட்டுப் பழகுதல்

ஃபிடில், புல்லாங்குழல், இல்லன் பைப், கான்செர்டினா ஆகியவை ஐரிஷ் இசையில் நெடுங்காலம் வேரூன்றியவை. கிதார் பின்னால் வந்தது. அது பெரிய அளவில் நிலைபெற்றது 1970களில்தான்: 1972-இல் தொடங்கிய பிளாங்ஸ்டி குழுவும் 1975-இல் தொடங்கிய பாத்தி பேண்ட் குழுவும் தந்திக் கருவிகளின் பக்கவாத்தியத்துக்குப் புது இலக்கணம் கொடுத்தன. பாத்தி பேண்டின் கிதார் கலைஞர் மீஹால் ஓ டோனல் (1951–2006) கையாண்ட சுருதி அமைப்பு இன்று உலகம் முழுக்கக் கெல்டிக் கிதாரின் அடையாளமாகிவிட்டது.

அதன் பெயர் டாட்காட். ஆறு கம்பிகளும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று கூட்டப்படுவதால் எழுத்துகளைச் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். இதைப் பிரபலப்படுத்தியவர் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கலைஞர். 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்திக் கருவிக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது இந்த அமைப்புக்கு வந்தார். அங்கிருந்து அது அயர்லாந்துக்குப் போனது. ஐரிஷ் இசையில் இதை முதலில் கையாண்டவர்களில் டெரியைச் சேர்ந்த டாஹி ஸ்ப்ரூலும் ஒருவர்.

தமிழ்க் காதுக்கு இதை விளக்குவது எளிது. டி என்பதை ஆதார ஷட்ஜமாக வைத்தால் ஆறு கம்பிகளும் ச, ப, ச, ம, ப, ச. காந்தாரம் இல்லை. பெரிய காந்தாரமா சின்னக் காந்தாரமா என்ற கேள்வியைக் கிதார் எழுப்பாமலே இருக்கலாம். மெட்டு எந்தப் பக்கம் போனாலும் அடியில் சுருதி போல நிற்கும். ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை நான்கு சுரவரிசைகளுக்குள் அடங்கும். அவை சங்கராபரணம், அரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி ஆகியவற்றின் சுரங்களே. கூலீஸ் ரீல் என்ற மெட்டு கரகரப்பிரியாவின் சுரங்களில் ஓடுகிறது. ரெட் ஹேர்டு பாய் அரிகாம்போதியில். ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகமும் பிடிகளும் வேறு. ஆனால் அடுத்தடுத்து வைக்கும் இரண்டு மெட்டுகள் ஒரே நிறத்தில் போய்ச் சலிப்பூட்டுகின்றனவா என்று பார்க்க இந்தக் காது மிகவும் உதவும். கரகரப்பிரியாவில் இரண்டு போனால் மூன்றாவதைச் சங்கராபரணத்தில் தேடுங்கள்.

தாள வகைகளையும் பிரித்தறிய வேண்டும். ரீல் நான்கு நடையில் விரையும், ஜிக் ஆறெட்டு, ஸ்லிப் ஜிக் ஒன்பதெட்டு, போல்கா இரண்டு. நடன மெட்டுகள் பெரும்பாலும் எட்டு அளவு கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்பட்டு, மொத்தம் 32 அளவு. ரீலின் வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 35 விநாடி. மூன்று சுற்று வாசித்து நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். மூன்று மெட்டுகள் கோத்த ஒரு தொகுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் இசைத்தட்டின் உறையைப் பார்க்காமலே எங்கே மெட்டு மாறுகிறது என்பது தெரியும்.

யாரைப் போடலாம்? கிழக்குக் கிளேரில் நிகழ்ச்சி நடத்துபவர் டெனிஸ் காஹிலிலிருந்து தொடங்க வேண்டும். சிகாகோவில் 1954-இல் பிறந்து 2022-இல் மறைந்தவர். ஃபீக்கிள் பக்கத்து ஃபிடில் கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட ‘தி லோன்சம் டச்’ 1997-இல் வந்தது. மார்ட்டினின் தந்தை பி. ஜோ ஹேய்ஸ், 1946-இல் தொடங்கிய டல்லா கேய்லி பேண்டின் தூண்களில் ஒருவர். உங்கள் கேட்பவர்களில் பாதிப்பேரின் பெற்றோர் அந்தக் குழுவின் இசைக்கு ஆடியிருப்பார்கள். காஹில் வாசிப்பது மிகக் குறைவு. இரண்டு சுரம், ஒரு நிறுத்தம், பிறகு ஒரு சுரம். ஃபிடிலுக்கு இடம் விட்டு வாசிப்பது எப்படி என்று அறிய அவரைவிட நல்ல ஆசான் இல்லை. அந்த இருவரின் ‘லைவ் இன் சியாட்டில்’ தொகுப்பில் 25 நிமிடத்தைத் தாண்டும் ஒரு தடம் உண்டு. அதை வெட்டிப் போடாதீர்கள். மாரிக்காலத்தில் பத்திரிகையில் சேதி குறைந்த ஒரு வாரத்தைப் பார்த்து முழுதாகக் கொடுங்கள்.

கிதாரிலேயே மெட்டை வாசிப்பவர்கள் வேறு இனம். ஓமாவைச் சேர்ந்த ஆர்ட்டி மெக்லின் (1944–2019) 1979-இல் வெளியிட்ட ‘மெக்லின்ஸ் ஃபேன்ஸி’ இதில் முன்னோடி. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்த டோனி மெக்மேனஸும், ‘கொப்பர்ஸ் அண்ட் பிராஸ்’ தந்த டிக் காஹனும் கிதாரில் ரீல்களைத் துல்லியமாக உருட்டுவார்கள். பிரிட்டனியிலிருந்து டான் ஆர் பிராஸ். டாட்காட் என்றதும் எல்லோரும் சொல்லும் பியேர் பென்சுசான் 1957-இல் அல்ஜீரியாவின் ஓரானில் பிறந்த பிரெஞ்சுக் கலைஞர். அவரை ஐரிஷ்காரர் என்று அறிமுகப்படுத்தினால் தொலைபேசி மணி உடனே அடிக்கும்.

பார்வையற்ற ஹார்ப் கலைஞர் டர்லோ ஓ’கேரலன் (1670–1738) இயற்றியவற்றையும் கிதார் கலைஞர்கள் விரும்பி வாசிக்கிறார்கள். நடன மெட்டுகளுக்கு நடுவே இளைப்பாற அவை நல்ல இடம்.

அடுக்கும் வேலை

இப்போது அட்டைகளையும் இசைத்தட்டுகளையும் மேசையில் பரப்புங்கள். எனிஸ்டைமன் சந்தைச் செய்தி இருந்தால் அந்த ஊர்ப் பெயர் தாங்கிய ஜிக். டல்லாவில் புது விளையாட்டுத் திடல் திறந்தால் ஹ்யூமர்ஸ் ஆஃப் டல்லா. ஜூலையில் மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்ஸி கோடைப் பள்ளி வரும். அது 1973 முதல் நடக்கிறது. அந்த வாரம் மேற்குக் கிளேரின் ஜூனியர் கிரெஹன் (1908–1998) இயற்றிய மெட்டுகளுக்கு இடம் கொடுங்கள். ஆகஸ்டில் ஃபீக்கிள் விழா. இப்படி ஆண்டுக்கான நாட்காட்டியே உருவாகிவிடும்.

ஆனால் பெயர் பொருந்துகிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. மோஹர் பாறைமுகட்டில் விபத்து நடந்து ஓர் உயிர் போன வாரத்தில் கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் ஜிக்கைப் போடுவது கொடுமை. ஒவ்வொரு இணைப்பையும் செய்தியில் வரும் குடும்பத்தார் கேட்டால் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள்.

இசைக்கு 35 நிமிடம், பத்திரிகைக்கு 15, மீதி பேச்சுக்கும் அறிவிப்புக்கும் என்பது ஏறத்தாழ சரியான கணக்கு. செய்திகளை மூன்று கொத்தாகப் பிரியுங்கள். முதல் கொத்து பத்தாவது நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். மெட்டு தொடங்கும்போது அதன்மேல் பேசாதீர்கள்: ஒரு சுற்றே 35 விநாடி என்னும்போது பத்து விநாடிப் பேச்சு முதல் பகுதியை விழுங்கிவிடும். பெயர்களை முடிந்த பிறகு சொல்லுங்கள், தொகுப்பில் இருந்த அத்தனை மெட்டுகளையும் வரிசையாக. உறையில் ‘கான் ஆனிம்’ என்று அச்சிட்டிருந்தால் பெயர் கிடைக்காத மெட்டு என்று பொருள். அதையே பெயராக அறிவிக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை உள்ளூர்க் கிதார் கலைஞர் ஒருவரை அழையுங்கள். ஒலிவாங்கியைக் கிதாரின் வாய்க்கு நேரே வைத்தால் அடிக்கம்பி குமுறும்; டாட்காட்டில் அது இன்னும் கீழே இறக்கப்பட்டிருப்பதால் குமுறல் கூடும். பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கமாக, ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வழக்கமான சுருதியிலிருந்து டாட்காட்டுக்குப் போக மூன்று கம்பிகளை ஒவ்வொரு முழு சுரம் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் விருந்தினரைப் பேசவைக்காதீர்கள், அவருடைய காது கம்பியில் இருக்கிறது. ஒலிவாங்கியை உங்கள் பக்கம் எடுத்துக்கொண்டு ஒரு பத்திரிகை அட்டையை வாசியுங்கள். அவர் தலையசைத்ததும் முடியுங்கள். முன்கூட்டியே எந்தெந்த மெட்டு எந்தச் சுருதியில் என்று கேட்டு எழுதிக்கொண்டால், அட்டைகளை அந்த இடைவெளிகளுக்கென்றே ஒதுக்கி வைக்கலாம்.

பதிவேடு

ஒலித்த ஒவ்வொன்றுக்கும் கலைஞர், மெட்டுகள், தொகுப்பு, வெளியீட்டு நிறுவனம், நேரம், இயற்றியவர் ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். அயர்லாந்தில் இயற்றியவருக்கான கட்டணத்தை ஐஎம்ஆர்ஓவும் ஒலிப்பதிவுக்கான கட்டணத்தைப் பிபிஐயும் வசூலிக்கின்றன. இயற்றியவர் என்ற கட்டத்தில் யோசிக்காமல் ‘மரபு’ என்று எழுதுவது இங்கே பரவலான பழக்கம். மிஸ்ட் கவர்டு மவுண்டன் என்ற ஜிக் நூறாண்டுப் பழமை போல ஒலிக்கும். அதை இயற்றியவர் மேலே சொன்ன ஜூனியர் கிரெஹன். இனிஷீர் என்ற வால்ட்ஸும் அப்படித்தான், தாமஸ் வால்ஷ் இயற்றியது. கேரலனின் மெட்டுக்கு உரிமை முடிந்திருந்தாலும், அதன் புதிய கிதார் அமைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு.

பதிவேட்டின் ஒரு படியை நிலையத்தின் தொலைபேசிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மறுநாள் காலை யாராவது அழைத்து, செய்திக்குப் பிறகு வந்த அந்த இரண்டாவது மெட்டு எது என்று கேட்பார். அப்போது பணியில் இருக்கும் தன்னார்வலர் பார்த்துச் சொல்லலாம். சில சமயம் அழைப்பவரே உங்களுக்குச் சொல்வார்: நீங்கள் சொன்ன பெயர் சரியில்லை, எங்கள் பக்கம் அதற்கு வேறு பெயர், அல்லது அதை இயற்றியவர் இன்னார். பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்து, பழைய தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் அடுத்த வாரம் முதல் செய்திக் கொத்திலேயே திருத்தத்தைச் சொல்லிவிடுங்கள்.